இன்னும் எத்தனை வரும்?

மாமா,

காலையில் பெய்த மழைக்குப் பின்கட்டு ஷீட் மறுபடியும் ஒழுகி, நீ எடை தூக்கும் ராடு நனைந்து கிடந்தது. பழைய லுங்கித் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சுவரோரம் சாய்த்து வைத்தேன். கை கழுவிய பிறகும் உள்ளங்கையில் துரு வாசனை போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் கைகளில் எப்போதும் இருந்த வாசனை இது. நேற்றிலிருந்தே உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் அதை நேராகச் சொன்னால் உனக்குப் புரியும், எனக்கே புரியாது. அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாய். கவரைப்பேட்டையில் தண்டவாளம் தாண்டும்போது ரயில் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தாலும் உன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். "ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள என் சட்டை கிழிஞ்சுடும்டி" என்பாய். அப்படிப்பட்டவளைத்தான் உன் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாய்.

கல்யாணமாகி ஓராண்டு. நீ ரோலிங் மில்லில் காலை ஷிப்டு முடித்து வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, நாலரைக்கெல்லாம் பின்கட்டுக்குப் போய்விடுவாய். மில்லில் கழித்துப்போட்ட தகட்டை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, வட்டமாக வெட்டி நீயே செய்துகொண்ட பிளேட்டுகள். பெயின்டில் இருபது என்று எழுதியிருந்ததை அரிசி மண்டித் தராசில் வைத்தபோது இருபத்தொன்றரை காட்டியது. "அப்போ இத்தினி நாளா நான் நெனச்சதுக்கு மேல தூக்கினு இருந்துக்கிறேன்" என்று அந்த மண்டியிலேயே குதித்தாய். எனக்கோ பயம். தூக்குகிறவனுக்கே எடை தெரியாமல் இருந்திருக்கிறதே என்று.

கூடத் தூக்க வந்துகொண்டிருந்த உன் கூட்டாளிக்கு ஷிப்டு மாறியது. பெஞ்சில் படுத்து ராடை நெஞ்சுவரை இறக்கி ஏற்றும்போது தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டாய்.

"சும்மா நில்லு. ராடு மேல போவாம நின்னுட்டா மட்டும் கைய குடு. நான் சொல்ற வரிக்கும் தொடாத."

"எவ்ளோ கிலோ?"

"அதெல்லாம் உனுக்கு எதுக்கு?"

நான் நின்றேன். தினமும் அரை மணி நேரம். உன் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடி, உன் கழுத்துக்கு மேலே இரும்பு போய் வந்துகொண்டிருக்க, என் கைகள் அதன் கூடவே காற்றில் ஏறி இறங்கும். ராடு கொஞ்சம் தயங்கினாலும் பிடித்துவிடுவேன். நீ எரிந்து விழுவாய். "எனுக்கு இன்னும் மூணு இருந்துச்சி! உன்னோட ஒரே பேஜாரு." ஒருநாள் உன் மில் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்தபோதும் அப்படித்தான் பிடித்துவிட்டேன். அவர்கள் எதிரிலேயே கத்தினாய். "தொடாதன்னா தொடாத. பயமா இருந்தா உள்ள போய்ச் சோறு வடி." அவர்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அதற்கு மறுநாள் நடந்ததைத்தான் உன்னிடம் நான் கடைசிவரை முழுதாகச் சொல்லவில்லை.

மறுநாள் பெஞ்சில் நான்காவது தடவையே ராடு மெதுவாகிவிட்டது. நான் பார்த்தேன். உன் இடது முழங்கை வெளியே விரிந்தது, காது சிவந்தது. இத்தனை நாள் நின்றதில் எனக்கு அதெல்லாம் படிந்திருந்தது. இன்னொன்று வராது என்று தெரியும். ஆனால் கையை நீட்டவில்லை. நீ தொடாதே என்று சொன்னதால் அல்ல, மாமா. முந்தின நாள் கோபத்தில். தூக்கட்டும், தெரியட்டும் என்று கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். நீ ஐந்தாவதை இறக்கினாய். அது ஏறவேயில்லை.

நெஞ்சில் உட்கார்ந்த ராடு கழுத்தை நோக்கி உருண்டது. உன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. தொண்ணூறு கிலோவுக்கு மேல். எப்படித் தோன்றியதோ, ஒரு முனைக்கு ஓடிப்போய் தோளைக் கொடுத்து முட்டினேன். மறுமுனையில் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டு விழுந்தன. அடுத்த நொடி இந்தப் பக்கம் கனத்து, ராடு சுழன்று என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரையைப் பெயர்த்தது. பிளேட் நழுவாதபடி நீ தினமும் முனையில் மாட்டும் கிளாம்பை அன்றைக்கு மாட்ட மறந்திருந்தாய். மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது எழுதும்போதுகூட முழுதாக நினைக்க முடியவில்லை.

உனக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். "நல்ல வேளை, நீ இருந்த" என்று எல்லோரிடமும் சொன்னாய். நான் இருந்ததால்தான் அது நடந்தது என்று யாரிடம் சொல்வேன்?

விலா ஆறும்வரை ஆறேழு வாரம் நீ சும்மா இருந்தாய். ஒரு சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்தபடி, "இனிமே ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி கேட்டுட்டுதான் தூக்கப் போறேன்" என்றாய். "இன்னா கேள்வி?" என்றேன். "முடியாமப் போனா எங்க விழும்?"

அந்த ஒரு கேள்வியில் உன் பயிற்சிப் பட்டியலே மாறியது. பெஞ்சில் கனமாகத் தூக்குவது நின்றது. அதற்குப் பதில் தரையில் படுத்து இரண்டு கைகளிலும் தனித்தனி எடை. முடியாவிட்டால் பக்கவாட்டில் தரையில் வைத்துவிடலாம். தரையிலிருந்து ராடைத் தூக்கி நிற்பது இருக்கட்டும், கைவிட்டால் அது தரைக்குத்தான் போகும் என்றாய். தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதற்கு, இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள் வெல்டிங் செய்துகொண்டு வந்தாய். நீ அவற்றைச் சுவரோரம் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

அடுத்தது, எங்கே நிறுத்துவது என்பது. முன்பெல்லாம் கை நடுங்கி நிற்கும்வரை போவதுதான் உனக்குத் தூக்குவது. இப்போது, இன்னும் இரண்டு வரும் என்கிற இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று நீயே முடிவு செய்தாய். ஆனால் இரண்டு பாக்கி என்பது எப்படித் தெரியும்? நாம் சோதித்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? கைவிட்டாலும் ஆபத்தில்லாத பயிற்சியாக எடுத்தாய். பாதியில், இன்னும் எத்தனை வரும் என்று நீ ஓர் எண் சொல்வாய், நான் ஓர் எண் சொல்வேன், பிறகு ஒன்றுகூட வராத வரைக்கும் போவாய். கனமான எடையில் உனக்கு எப்போதும் இரண்டு கூடுதலாகத் தோன்றும். நான்கு என்பாய், இரண்டுதான் வரும். எடை குறைவாக இருந்து இருபது தடவைக்கு மேல் போனால் நேர் எதிர். தசை எரிச்சல் தாங்காமல் "அவ்ளோதான்" என்பாய், அதற்கப்புறம் ஆறு வரும். நான் சொன்னது பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் தவறவில்லை.

"உனுக்கு எப்டிடீ தெரியுது?" என்றாய்.

"நீ மூஞ்சியில நடிக்கிற. ராடு நடிக்காது. அது மெதுவாயிடும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு செட்டிலும் என்னைப் பார்க்காமலே "எவ்ளோ இருக்கு?" என்பாய். நான் சொன்ன இடத்தில் வைத்துவிடுவாய். உன் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் கையிலும் ஒருநாள் ஐந்து கிலோ பிளேட்டைக் கொடுத்தாய். ஐந்து தடவை தூக்கிவிட்டுக் கீழே வைத்தேன். "நீ நிறுத்துன எடத்துல இன்னும் பத்து இருந்துச்சி" என்று சிரித்தாய். நிஜம்தான். பயம் எனக்கு முன்னாலேயே கணக்கை முடித்துவிடுகிறது.

இரண்டு வருஷம் அப்படிப் போனது.

அப்புறம் அந்த வயிற்றுப்போக்கு. நான்கு நாளில் சரியாகிவிட்டது. பதினைந்து நாள் கழித்து, "கால் மரத்துப் போன மாதிரி இருக்குது, நேத்து தொடைக்கு அதிகமாப் பண்ணிட்டேன் போல" என்றாய். மறுநாள் சாயங்காலம் வெறும் ராடைத் தலைக்கு மேலே தூக்கினாய். எடையே இல்லாத ராடு. முதல் தடவையே அது மெதுவாகப் போனது, மாமா. கடைசித் தடவைக்கு வரவேண்டிய தயக்கம் முதல் தடவையிலேயே வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வெச்சிடு."

"இன்னாடி, இப்பதான் ஆரம்பிச்சேன்."

"வெச்சிடு மாமா. உன் காலைப் பிடிச்சிக் கேக்குறேன்."

வைத்துவிட்டுத் திரும்பியபோது உன் முட்டி மடங்கியது. கும்மிடிப்பூண்டி டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. உடம்பே தன் நரம்பைத் தாக்குகிறது, காலில் தொடங்கி மேலே ஏறும், பெரும்பாலானவர்களுக்குத் திரும்பச் சரியாகிவிடும், ஆனால் மூச்சுவிடும் தசைக்கு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். அந்தச் சின்ன வயசு லேடி டாக்டர் உன்னிடம், "நல்லா மூச்சு இழுத்து, ஒரே மூச்சுல எண்ணுங்க" என்றார். நீ முப்பத்தொன்று வரை எண்ணினாய். மறுநாள் காலை இருபத்திரண்டு.

அன்று பிற்பகல் பார்வையாளர் நேரம். டாக்டர் வந்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டதற்கு "நல்லாக்கீறேன்ணா, ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போயிடுவேன்" என்றாய். ஆனால் அந்த வாக்கியத்தை நீ மூன்று மூச்சில் சொன்னாய். நான் உன் தலைமாட்டுக்கு வந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் எனக்குத் தெரியும். தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறின. கழுத்து நரம்பு கயிறாக நின்றது. காது சிவக்கவில்லை, வெளுத்திருந்தது.

"மாமா, எண்ணு."

"இப்பதான எண்ணுனேன்."

"எண்ணு."

பத்தில் நின்றது. "விளையாட்டுக்கு நிறுத்துனேன். இன்னும் இருக்குது" என்று சிரித்தாய்.

நான் கூப்பிடவில்லை, கத்தினேன். செருப்பில்லாமல் வார்டின் நடுவே ஓடினேன். "சிஸ்டர், அவரு பொய் சொல்றாரு, அவரால முடியல, வாங்க, வந்து பாருங்க." யாரோ "பதறாதம்மா" என்றார்கள். நான் சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன். அவர் உன்னைப் பார்த்ததும் அவர் நடை மாறியது. அடுத்த கால் மணி நேரத்தில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய், குழாய் போட்டு மெஷினில் இணைத்துவிட்டார்கள். "நேரத்துக்குப் பார்த்தீங்க" என்றார் டாக்டர். பத்தொன்பது நாள் அந்த மெஷின் உனக்காக மூச்சுவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் வெளியே உட்கார்ந்து என் மூச்சை நானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது பாதியாகியிருந்தாய். வீட்டு வருமானத்துக்காக நான் சிப்காட்டில் மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் சேர்ந்தேன். உனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி அம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த வியாதியில களைச்சுப் போற வரைக்கும் பண்ணவே கூடாது. பாதியிலயே நிறுத்துங்க. மறுநாள் பலம் குறைஞ்சிருந்தா நேத்து அதிகம்னு அர்த்தம்." உனக்கு அது அவமானமாக இருந்தது. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுந்து உட்காருவது, ஐந்து தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஆறு தடவை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. நான் "போதும்" என்றால் நிறுத்த வேண்டும்.

ஒருநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் தலையணையை எடுத்துவிட்டு, உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, கால் வெடவெடக்கும்வரை போயிருக்கிறாய். மறுநாள் காலையில் உன்னால் கக்கூஸிலிருந்து எழ முடியவில்லை. கதவை உடைத்துதான் உன்னைத் தூக்கினேன்.

"திரும்ப மெஷின்ல படுக்கணுமா உனுக்கு? இன்னா மாமா வேணும் உனுக்கு?" என்று அழுதுகொண்டே உன் தோளில் அடித்தேன்.

நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். பிறகு, "எனுக்கு பயமா இருக்குடி" என்றாய். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். "எங்க முடியுதுன்னே தெரியல. முன்ன தெரிஞ்சிது. இப்போ உடம்பு யாருதோ மாதிரி இருக்குது."

"அப்போ ஆஸ்பத்திரில ஏன் நல்லாக்கீறேன்னு சொன்ன?"

"அன்னிக்கும் பயம்தான். முடியலன்னு என் வாயால சொல்ல வரல. நீ நின்னுக்கினு இருந்த. நீ பாத்துக்குவன்னு தெரியும்."

என்னை நம்பித்தான் பொய் சொன்னேன் என்கிறாய். அதைக் கேட்டு எனக்குப் பெருமை வரவில்லை, மாமா. அந்த நேரம் பார்த்து நான் டீ வாங்கப் போயிருந்தால்? அன்று பெஞ்சருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவளாகவே இருந்திருந்தால்? அந்தக் கணமே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் திறந்தேன். நீ என் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாய்.

அதற்குப் பிறகு நீ ஏமாற்றவில்லை. தலையணை இரண்டு ஒன்றாயிற்று, பிறகு அதுவும் போயிற்று. ஓராண்டில் வெறும் ராடைத் தலைக்கு மேலே தூக்கினாய். எட்டு தடவை, ஒரே வேகத்தில். பெரியபாளையத்தில் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். மில்லில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. இட்லி சாப்பிட்டாய், சைக்கிளை எடுத்தாய், போனாய். ஹைவேயைக் கடக்கும்போது ஒரு லாரி.

நான் ஓடி வந்தபோது உன்மேல் யாரோ துண்டைப் போர்த்தியிருந்தார்கள். அவ்வளவு வருஷம் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த ஒன்றைப் பார்க்கவில்லை. ஒரே நொடியில் முடிந்தது, மெதுவாவதற்கு அதில் நேரமே இல்லை என்றார்கள். பார்த்திருந்தாலும் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்றுவரை.

என் அண்ணன் திருவாலங்காட்டுக்கு வந்துவிடு என்றான். போகவில்லை. வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் பின்கட்டில் கொஞ்சம் தூக்குகிறேன். தரையிலிருந்து எடுப்பது, தரைக்கு விடுவது மட்டும். தலைமாட்டில் நிற்க ஆளில்லாதவள் வேறெதைத் தேர்ந்தெடுக்க முடியும்? இன்னமும் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். பயம் குறைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். குறையவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

நேற்று நடந்தது இதுதான். என் லைனில் பழவேற்காட்டிலிருந்து வரும் பர்வீன் என்று ஒரு பெண் இருக்கிறாள். கல்யாணமான பெண், சிரித்துப் பேசுகிறவள். காலையிலிருந்தே இருமிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு "இன்னா பர்வீன், முடியலையா?" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா. மிளகாத் தூளு. நாஷ்டா துண்ணல, அதான்." நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். நான் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். தோள் ஏறியது. கழுத்தில் குழி விழுந்தது.

"பர்வீன், ஒரே மூச்சுல எண்ணு."

ஐந்துக்கு மேல் வரவில்லை. சிரிக்கப் பார்த்தாள்.

பாக்கெட் போடும் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சூப்பர்வைசர், "எதுக்குமா இப்டி கூச்சல் போடுற, அது நல்லாதான பேசுது" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, வண்டிய எடுங்க" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், மாமா. நான். கம்பெனி வேனில் அவளை ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவளால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை, உதடு நீலம். ஆஸ்துமா என்று சொல்லி மாஸ்க் போட்டு, ஊசி போட்டார்கள்; ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். அவள் புருஷன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

எல்லோரும் கெட்டிக்காரி என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அங்கிருந்து கம்பெனிக்குத் திரும்பியதும், கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றேன். சிரித்த நான்கு பேர் எதிரில், முன்பு போலவே கோபித்துக்கொண்டு உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நடுங்கினேன். இந்த முறை போகவில்லை. கையை நீட்டினேன்.

நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்லிவிட்டேன். கேட்டு நீ திட்டுவாயா, சிரிப்பாயா என்று தெரியவில்லை. பர்வீன் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாளாம். அவளை எனக்குப் பக்கத்து இடத்திலேயே உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.